மாற்றியமைத்த பழைய ஸ்போர்ட்ஸ் காரை விற்பது எப்படி: முதன்முறை விற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பத்து ஆண்டுகள் ஓடிய ஒரு குடும்பக் காரை விற்பது பெரிய காரியமன்று. தயாரிப்பு ஆண்டு, ஓடிய தூரம், பராமரிப்பு நிலை ஆகிய மூன்றையும் சொன்னால் அதன் விலையை யாரும் ஓரளவு கணித்துவிடுவார்கள். இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த ஒரு ஸ்போர்ட்ஸ் கார், அதிலும் டர்போ, சஸ்பென்ஷன், எக்ஸாஸ்ட், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் இசியூ எனப் பலவும் மாற்றப்பட்ட கார், இந்தக் கணக்கில் அடங்காது. அதைப் பார்க்க வருபவருக்கு என்னென்ன பாகங்கள் போட்டிருக்கிறது என்பதைவிட, அந்த வேலையைச் செய்தவர் யார், ஒழுங்காகச் செய்தாரா, இப்போது எதையாவது மறைக்கிறார்களா என்ற கவலைதான் பெரிதாக இருக்கும். அந்தக் கவலைக்கு ஆதாரத்தோடு பதில் சொல்லும்படி உங்களைத் தயார்செய்துகொள்வதுதான் விற்பனை வேலையின் பெரும்பகுதி. விளம்பரம் போடுவதற்குச் சில வாரங்கள் முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

யார் வாங்குவார்கள்

இத்தகைய கார்களைத் தேடி வருபவர்கள் மூன்று வகையினர். கார் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு மதிப்புத் தருபவர்கள் முதல் வகையினர். சேகரிப்பாளர்கள் இவர்களில் அடங்குவார்கள். பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்கோ விடுமுறை நாட்களில் ரசித்து ஓட்டுவதற்கோ, வேலை முடிந்து ஓடும் நிலையில் உள்ள காரையே விரும்புபவர்கள் இரண்டாம் வகையினர். தாமே தொடங்கினால் ஆகும் செலவையும் மாதக்கணக்கான காத்திருப்பையும் தவிர்ப்பதே இவர்கள் நோக்கம். எஞ்சினுக்காகவோ கியர்பாக்ஸுக்காகவோ வருபவர்கள் மூன்றாம் வகையினர். அவர்கள் எப்போதும் குறைவாகவே கேட்பார்கள். அவர்களைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளலாம்.

எந்த வகையினர் அதிகமாக வருவார்கள் என்பது மாடலைப் பொறுத்தது. 1989இல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5 பெரும் எண்ணிக்கையில் தயாரானது. அதை மாற்றியமைத்து ஓட்டுபவர்களின் கூட்டமும் பெரிது, எனவே நன்றாகச் செய்யப்பட்ட மாற்றங்களைப் புரிந்துகொண்டு விலை கொடுக்க ஆள் கிடைப்பார்கள். அதே ஆண்டில் வந்த நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்32, 1990களின் டொயோட்டா சுப்ரா, மாஸ்டா ஆர்எக்ஸ்-7 ஆகியவற்றில் ஏராளமானவை எப்போதோ ஒருமுறை யாராலோ மாற்றப்பட்டுவிட்டன. ஆகவே கை வைக்கப்படாத கார்களுக்கும், பழைய நிலைக்குத் திருப்பக்கூடிய கார்களுக்கும் தனி மதிப்பு உண்டு. உங்கள் மாடலில் ஒரிஜினல் கார்களும் மாற்றப்பட்ட கார்களும் எந்த விலையில் கைமாறுகின்றன என்பதை முதலில் கவனியுங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் அடுத்த முடிவைத் தீர்மானிக்கும்.

திருப்பி மாற்றுவதா, அப்படியே விற்பதா

புதிதாக விற்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. பாகங்களுக்கும் கூலிக்கும் செலவிட்ட தொகை காரின் விலையோடு சேர்ந்து திரும்பி வராது; பெரும்பாலும் அதில் ஒரு சிறு பகுதிகூட வராது. ஆனால் அதே பாகங்களைத் தனியாக விற்றால் கணிசமான தொகை கிடைப்பதுண்டு, ஏனென்றால் தனியாக வாங்குபவர் அந்தப் பாகம் வேண்டும் என்றே தேடி வருகிறார்.

ஒவ்வொரு மாற்றத்தையும் மூன்று கேள்விகளால் சோதித்துப் பாருங்கள். அதைக் கழற்றிய பிறகு காரில் வெட்டோ, துளையோ, வெல்டிங் அடையாளமோ எஞ்சாதிருக்குமா? ஒரிஜினல் பாகம் நல்ல நிலையில் கையில் இருக்கிறதா? அதை மாற்றுவதால் வேறு எதையும் சரிக்கட்ட வேண்டிய தேவை எழாதிருக்குமா? மூன்றுக்கும் பதில் சாதகமாக இருந்தால் ஒரிஜினலைத் திருப்பிப் பொருத்திவிட்டு, கழற்றியதைத் தனியாக விற்பது நல்லது. அலாய் வீல்கள், ஸ்டீயரிங் வீல், பக்கெட் சீட்டுகள், கியர் குமிழ், ஆடியோ, உள்ளே ஒட்டிய கூடுதல் மீட்டர்கள், வெளியே ஒட்டிய ஸ்டிக்கர்கள் ஆகியவை பெரும்பாலும் இந்த வகைக்குள் வந்துவிடும். ஏர்பேக் உள்ள ஸ்டீயரிங் வீலைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தியிருந்தால், பழையது கையில் இருக்கும் பட்சத்தில் அதைத் திரும்பப் பொருத்துவதே நியாயம். வாங்குபவர் குடும்பத்தோடு பயணம் செய்பவராகவும் இருக்கலாம். ஏர்பேக்கைக் கையாளும்போது பேட்டரி இணைப்பைத் துண்டித்து, தயாரிப்பாளர் குறிப்பிடும் நேரம்வரை காத்திருந்து வேலை செய்ய வேண்டும்; அனுபவம் இல்லையென்றால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

எஞ்சினின் உட்பகுதிகளில் செய்த வேலையையும், டர்போ இல்லாத காரில் டர்போ பொருத்தியதையும், எஞ்சினையே மாற்றியதையும் திருப்பி எடுக்க முயல வேண்டாம். அப்படிச் செய்தால் கூலியும் போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த காரில் புதிய கோளாறுகளும் சேரும். இருபது ஆண்டுகள் பழைய போல்ட்டுகள் உடைகின்றன, காய்ந்த ரப்பர் குழாய்கள் வெடிக்கின்றன, ஒயர் கனெக்டர்களின் கிளிப்புகள் கையோடு வந்துவிடுகின்றன. பெரிய பிரேக், வலுவான கிளட்ச், அலுமினிய ரேடியேட்டர், ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் போன்றவற்றையும் காரிலேயே விட்டுவிடுவது நல்லது. இரண்டாம் வகை வாங்குபவர்கள் விரும்பும் மாற்றங்கள் இவை. காரின் நம்பகத்தன்மையையும் இவை குறைப்பதில்லை.

சஸ்பென்ஷன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. காயில்ஓவர்கள் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த, உயரத்தை மாற்றக்கூடிய தொகுதிகள்) பெயர்பெற்ற நிறுவனத்தின் தயாரிப்பாக இருந்து, ஆயில் கசிவின்றி, உயரம் அளவோடு வைக்கப்பட்டிருந்தால் அப்படியே விடலாம். வேகத்தடையைத் தாண்ட முடியாத அளவுக்குத் தாழ்த்தியிருந்தால் உயர்த்தி வைத்துவிட்டு வீல் அலைன்மென்ட் செய்யுங்கள். அந்த அலைன்மென்ட் தாளைப் பத்திரப்படுத்துங்கள்.

இசியூ விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். காற்றின் அளவை உணரும் சென்சார், இன்ஜெக்டர், டர்போ ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை ஒரிஜினலுக்கு மாற்றினால், அதற்கேற்ப எரிபொருள் மேப்பும், அதாவது எப்போது எவ்வளவு எரிபொருள் செலுத்த வேண்டும் என்று இசியூவில் எழுதிய அட்டவணையும், மாற வேண்டும். பெரிய இன்ஜெக்டருக்காக எழுதிய மேப்போடு சிறிய இன்ஜெக்டரை இயக்கினால் எரிபொருள் போதாமல் போய், அழுத்தம் கூடும் நேரத்தில் பிஸ்டன் பாழாகிவிடும். ஆகவே எஞ்சின் சார்ந்த பாகங்களைத் தனித்தனியாகப் பிரித்து விற்க ஆசைப்பட வேண்டாம். அவை ஒரு தொகுதியாகவே காரோடு போகட்டும்.

சட்டம் சார்ந்த மாற்றங்களுக்கு வேறு அளவுகோல் உண்டு. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை நீக்குவது, சைலன்சரின் ஒலியைக் கூட்டுவது, கண்ணாடிக்குக் கருப்புத் தாள் ஒட்டுவது, விளக்குகளை மாற்றுவது, எஞ்சினை மாற்றியதைப் பதிவுச் சான்றில் குறிக்காமல் விடுவது ஆகியவை பல நாடுகளில் விதிமீறல். உங்கள் இடத்தின் விதி என்ன என்பதை விற்பதற்கு முன்பே தெரிந்துகொண்டு, தகுதிச் சோதனையில் தேறும் நிலைக்குக் காரைக் கொண்டுவந்துவிட்டால் வாங்குபவர்களின் எண்ணிக்கை பல மடங்கு கூடும். பந்தயத்துக்கு மட்டுமே பொருந்தும் காராக இருந்தால் அதை அப்படியே சொல்லி விற்க வேண்டும். ரோல் கேஜ் (கார் உருண்டால் உள்ளிருப்பவரைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு) உள்ள காரைச் சாலையில் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டினால், மோதலின்போது அந்த இரும்புக் குழாயே தலையைத் தாக்கும் என்பதை வாங்குபவருக்கு எடுத்துச் சொல்வதும் விற்பவரின் பொறுப்பு.

கழற்றி வைத்திருக்கும் ஒரிஜினல் பாகங்களை எக்காரணம் கொண்டும் தனியாக விற்றுவிடாதீர்கள். அவற்றைக் காரோடு தருவதாகச் சொல்வது, முதல் வகை வாங்குபவர்களையும் உங்கள் பக்கம் திருப்பும். பழைய மாடல்களுக்கு அந்தப் பாகங்கள் புதிதாகக் கிடைப்பதே அரிதாகிவருகிறது.

ஆதாரக் கோப்பு

ஒரு கோப்பில் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்குங்கள்: பதிவுச் சான்று, முந்தைய உரிமையாளர்கள் பற்றிய விவரம், சர்வீஸ் புத்தகம், பாகங்கள் வாங்கிய பில்கள், மெக்கானிக்கின் ரசீதுகள், வேலை நடந்தபோது எடுத்த படங்கள், டைனோ தாள்கள் (காரின் திறனை அளக்கும் டைனோ கருவி தரும் அறிக்கைகள்), இசியூவை டியூன் செய்தவர் யார் என்ற தகவல். இவற்றோடு ஒரு பக்கத்தில், எந்தக் கிலோமீட்டரில் என்ன செய்யப்பட்டது என்று ஒரு சுருக்கம் எழுதி முன்னால் வையுங்கள். ரசீது இல்லாத வேலைகளையும் அதில் சேர்த்து, ரசீது இல்லை என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். அந்தக் குறிப்பு ஒன்றே மற்ற வரிகள் மீதான நம்பிக்கையைக் கூட்டிவிடும்.

டைனோ தாளில் இருக்கும் குதிரைத்திறன் சக்கரத்தில் அளந்ததா, எஞ்சினில் கணக்கிட்டதா என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் வழியாகச் செல்லும்போது ஒரு பகுதி திறன் இழக்கப்படுவதால் சக்கரத்தில் அளந்த எண் எப்போதும் குறைவாகவே இருக்கும்; இரண்டையும் கலந்து பேசும் விற்பனையாளரை அனுபவசாலிகள் உடனே சந்தேகிப்பார்கள். எந்த எரிபொருளில், எவ்வளவு டர்போ அழுத்தத்தில் அளந்தது என்பதும் சேர்ந்திருந்தால்தான் அந்தத் தாளுக்குப் பொருள் உண்டு.

சேசிஸ் எண்ணைக் காரிலும் சான்றிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். 1981க்குப் பிறகு பல நாடுகளில் இது 17 எழுத்துகளும் எண்களும் கொண்டதாக ஒருமுகமானது. ஒன்று, பூச்சியம் ஆகிய எண்களோடு குழம்பாதிருக்க ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளும் அதில் இடம்பெறுவதில்லை. ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்காகத் தயாரான கார்களில் அதைவிடச் சிறிய, மாடல் குறியீட்டோடு தொடங்கும் சேசிஸ் எண் இருக்கும். அது பிழையன்று என்பதை வாங்குபவருக்கு விளக்க வேண்டி வரலாம். எஞ்சின் எண் சான்றோடு பொருந்தவில்லை என்றால் அதற்கான விளக்கமும் ஆவணமும் கையில் இருக்க வேண்டும்.

பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று ஓடோமீட்டர். மீட்டர் தொகுதி எப்போதாவது மாற்றப்பட்டிருந்தால் பழைய மீட்டரின் கடைசி அளவையும் புதியதின் தொடக்க அளவையும் எழுத்தில் தர வேண்டும். டயரின் மொத்த விட்டம் மாறியிருந்தாலோ, வேகத்தைக் கியர்பாக்ஸிலிருந்து எடுக்கும் காரில் டிஃபரன்ஷியலின் விகிதம் மாறியிருந்தாலோ, ஓடோமீட்டர் காட்டும் தூரமும் உண்மைத் தூரத்திலிருந்து விலகும். இதை நீங்களே முதலில் சொல்லிவிட்டால், ஓடோமீட்டரைத் திருத்தியதாகப் பின்னால் யாரும் குற்றம்சாட்ட இடமிருக்காது.

எஞ்சினின் உண்மை நிலை

விளம்பரம் போடும் முன் உங்கள் செலவிலேயே, ஒவ்வொரு சிலிண்டரிலும் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனை ஒன்றைச் செய்துவிடுங்கள். நன்றாகச் சூடான எஞ்சினில், எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் திறந்து, முழு சார்ஜ் உள்ள பேட்டரியோடு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அளவுகள் தவறாக வரும். சிலிண்டர்களுக்கு இடையே 10 சதவீதத்துக்குள் வித்தியாசம் இருந்தால் நிம்மதி. ஒரு சிலிண்டர் தனியாகக் கீழே நின்றால் லீக்டவுன் சோதனை காரணத்தைச் சொல்லிவிடும்: உள்ளே செலுத்திய காற்று எக்ஸாஸ்ட் குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, காற்று உறிஞ்சும் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண வடிவ ரோட்டர் சுழலும் ரோட்டரி எஞ்சின் கொண்ட ஆர்எக்ஸ்-7 போன்ற கார்களுக்குச் சாதாரணக் கம்ப்ரஷன் கேஜ் போதாது. ஒவ்வொரு ரோட்டரின் மூன்று முகங்களையும் தனித்தனியாக அளந்து காட்டும் கருவி வேண்டும். அந்த எண்கள் இல்லாமல் ரோட்டரி காருக்கு நல்ல விலை கேட்பது வீண்.

ஒவ்வொரு மாடலுக்கும் பெயர்போன பலவீனங்கள் உண்டு, வாங்குபவர் அவற்றைப் படித்துவிட்டே வருகிறார். எம்எக்ஸ்-5இன் தொடக்கக்கால 1.6 லிட்டர் எஞ்சின்களில் கிராங்க்ஷாஃப்டின் முன்முனை, போர்ஷே 944இல் டைமிங் பெல்ட்டும் பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட்டும், 996 தலைமுறை போர்ஷே 911இன் சாதாரண மாடல்களிலும் முதல் பாக்ஸ்டரிலும் இடைநிலை ஷாஃப்டின் பேரிங், பிஎம்டபிள்யூ இ46 எம்3இல் கனெக்டிங் ராட் பேரிங்கும் பின்புற சப்ஃபிரேம் பொருந்தும் தகட்டின் விரிசலும், ஆர்32 ஜிடி-ஆரில் ஒரிஜினல் டர்போவின் செராமிக் சக்கரம். கடைசியாகச் சொன்னது மாற்றப்பட்ட கார்களுக்கு மிகவும் முக்கியமானது: செராமிக் சக்கரத்தோடு டர்போ அழுத்தத்தை உயர்த்தினால் அது நொறுங்கும் ஆபத்து உண்டு, எனவே உலோகச் சக்கரமாக மாற்றப்பட்டிருந்தால் அதற்கான பில் பொன்போலக் காக்க வேண்டியது. உங்கள் மாடலின் இத்தகைய பலவீனங்கள் பற்றிக் கேட்காமலே பதில் சொல்லும் ஒரு பத்தி விளம்பரத்தில் இருக்க வேண்டும். பார்த்து மாற்றப்பட்டதா, பார்க்கப்பட்டு நன்றாக இருக்கிறதா, இன்னும் பார்க்கப்படவில்லையா என்று மூன்றில் ஒன்றைச் சொன்னால் போதும்.

எதைச் சரிசெய்வது, எதை அப்படியே விடுவது என்பதற்கு ஒரு வழி உண்டு. பார்த்தவுடன் பயமுறுத்தும் மலிவான குறைகளைச் சரிசெய்யுங்கள்: எரியும் எச்சரிக்கை விளக்கு, ஆயில் கசிவு, தேய்ந்த பிரேக் பேட், வேலை செய்யாத ஜன்னல், கூலன்ட் குழாயின் வெடிப்பு. முழு பெயின்ட் வேலை, எஞ்சின் பிரித்துச் சேர்த்தல் போன்ற பெரிய செலவுகளில் விற்பதற்காக இறங்க வேண்டாம். புதிய பெயின்டைக் கண்டால் அதன் கீழே பட்டி இருக்கிறதா என்றே அனுபவசாலிகள் தேடுவார்கள். அவர்கள் கையில் பெயின்டின் கனத்தை அளக்கும் கருவி இருக்கும். தொழிற்சாலை பெயின்ட் பெரும்பாலும் 200 மைக்ரானுக்குள் நிற்கும். பட்டி பூசிய இடத்தில் எண் பல மடங்கு தாண்டிவிடும்.

எச்சரிக்கை விளக்கை ஸ்கேனர் வைத்து அழித்துவிட்டு விற்பது நேர்மையன்று, பயனுமில்லை. ஓபிடி-2 என்ற கோளாறு கண்டறியும் அமைப்புள்ள கார்களில் கோளாறுக் குறியீட்டை அழித்தவுடன் சுயசோதனைகளும் இன்னும் முடிவடையாத நிலைக்குத் திரும்பிவிடும். வாங்குபவர் ஒரு சிறிய ஸ்கேனரைச் செருகினாலே அது தெரிந்துவிடும்.

படங்களும் காணொளியும்

சுத்தம் செய்வதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. உள்ளும் வெளியும் கழுவுங்கள், எஞ்சின் அறையைத் துடையுங்கள், ஆனால் பளபளப்புத் திரவம் பூச வேண்டாம். அது கசிவை மறைக்கப் பூசியதுபோல் தோன்றும்.

படங்களை மேகமூட்டமான பகலிலோ, காலை மாலை மெல்லிய வெளிச்சத்திலோ, இடையூறில்லாத பின்னணியில் எடுக்கலாம். ஈரமான கார் பெயின்டின் குறைகளை மறைக்கும், எனவே உலர்ந்த பிறகே எடுங்கள். நான்கு மூலைகள், உள்ளமைப்பு, ஓடோமீட்டர், எஞ்சின் அறை, அடிப்பகுதி, சக்கர வளைவுகளின் உட்பக்கம், டிக்கியின் தரை ஆகியவை கட்டாயம். துரு, கீறல், பம்பரின் விரிசல் ஒவ்வொன்றையும் அருகிலிருந்து எடுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களையும் ஒரு படமாகச் சேர்க்கலாம். 2319 என்று இருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. தடம் ஆழமாக இருந்தாலும் பத்து ஆண்டு பழைய டயர் வேகமான காருக்கு ஏற்றதன்று.

ஒரே ஒரு காணொளிதான் எடுக்க முடியும் என்றால் குளிர்ந்த எஞ்சினை முதன்முறை இயக்குவதை எடுங்கள். வெப்ப மீட்டர் கீழே இருப்பதைக் காட்டி, வெட்டு இல்லாமல், எக்ஸாஸ்ட் வரை நடந்து சென்று பதிவுசெய்யுங்கள். நீலப் புகை ஆயில் எரிவதையும், எஞ்சின் சூடான பிறகும் நிற்காத வெண்புகை கூலன்ட் உள்ளே போவதையும், கரும்புகை எரிபொருள் மிகுந்து எரிவதையும் காட்டும் என்பது வாங்குபவர்களுக்குத் தெரியும். இவை எதுவும் இல்லையென்று கண்ணால் பார்த்தவர் தொலைதூரத்திலிருந்தும் புறப்பட்டு வருவார்.

விலை

நீங்கள் செலவிட்ட தொகையை மறந்துவிட்டுத் தொடங்குங்கள். அதே மாடல், அதே தலைமுறை, நெருக்கமான நிலையில் உள்ள ஒரிஜினல் காரின் விலையை அடிப்படையாக எடுத்துக்கொள்ளுங்கள். கேட்கும் விலைகளைவிட, விற்று முடிந்த விலைகளே நம்பத் தகுந்தவை. இணைய ஏலங்களில் முடிந்த விற்பனைகளின் தொகையைப் பார்க்க முடியும் என்பதால் அவை நல்ல ஆதாரம். அந்த அடிப்படையிலிருந்து, திருப்ப முடியாத வெட்டுகளுக்கும் சட்டச் சிக்கல்களுக்கும் குறைத்து, ஆவணத்தோடு கூடிய எஞ்சின் வேலைக்கும் காரோடு வரும் ஒரிஜினல் பாகங்களுக்கும் ஓரளவு கூட்டுங்கள். என் அனுபவத்தில், இந்தக் கணக்கின் முடிவில் வரும் எண் உரிமையாளரின் மனத்தில் இருந்த எண்ணைவிடக் கீழே இருப்பதே வழக்கம். இருந்தாலும் அதை நம்புவதே நல்லது. அளவுக்கு மேல் கேட்டு மாதக்கணக்கில் விற்காமல் நிற்கும் காரை எல்லோரும் ஏதோ குறையுள்ளதாகவே பார்ப்பார்கள்.

டீலரிடம் கொடுத்தால் வேலை சுலபம், ஆனால் மாற்றங்கள் அங்கே பெரும்பாலும் குறைகளாகவே கணக்கிடப்படும். இத்தகைய கார்களை மட்டும் கையாளும் தனித்துவ விற்பனையாளர் கிடைத்தால் கமிஷன் கொடுத்தும் விற்கலாம். அரிய மாடலாகவும் ஆவணம் முழுமையாகவும் இருந்தால் ஏலம் பொருத்தம்; மற்றவற்றுக்கு நேரடி விற்பனையே மேல். திறந்த கூரைக் கார்களைக் கோடை தொடங்கும் முன் விளம்பரம் செய்வதும் விலையில் தெரியும்.

விளம்பரத்தில் எழுத வேண்டியவை

முதல் வரியில் ஆண்டு, மாடல், எஞ்சின், கியர்பாக்ஸ், ஓடிய தூரம், பதிவின் நிலை ஆகியவை வர வேண்டும். அடுத்துக் காரின் வரலாறு: எப்போது உங்களிடம் வந்தது, எதற்காகப் பயன்படுத்தினீர்கள், பந்தயத் தடத்தில் ஓடியதா, ஏன் விற்கிறீர்கள். மாற்றங்களின் பட்டியல் அதன் பிறகுதான். பட்டியலில் ஒவ்வொரு பாகத்தின் தயாரிப்பாளர், பொருத்திய கிலோமீட்டர், பொருத்தியவர் ஒரு பட்டறையா நீங்களேயா என்பதைச் சேருங்கள். நீங்களே செய்த வேலையை அப்படியே சொல்லுங்கள். சுத்தமாகச் செய்யப்பட்ட ஒயரிங்கின் படம் பக்கத்தில் இருந்தால் அதற்குரிய மரியாதை கிடைக்கும்.

பிறகு குறைகள். இந்தப் பகுதியைச் சுருக்க வேண்டாம். மூன்றாம் கியரில் சூடாவதற்கு முன் மெல்லிய உரசல், இடது கதவின் அடியில் துருவின் தொடக்கம், ஏசி வேலை செய்யவில்லை என்ற அளவுக்குக் குறிப்பாக எழுதுங்கள். குறைகளை அறிந்தே வருபவர் அவற்றைக் காட்டி விலையைக் குறைக்கக் கேட்க மாட்டார், ஏனென்றால் அவை விலையில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டன. "சிறு சிறு வேலைகள் உள்ளன" என்ற வரி ஒன்றுக்கும் உதவாது.

"வேகத்துக்கு ஈடில்லை" போன்ற புகழுரைகளை விட்டுவிடுங்கள். பொதுச்சாலையில் வேகமாக ஓட்டியதைக் காட்டும் காணொளியும் வேண்டாம். கார் முரட்டுத்தனமாக நடத்தப்பட்டது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேறில்லை. நம்பர் பிளேட்டையும் வீட்டு முகவரி தெரியும் பின்னணியையும் படங்களில் மறைத்துவிட்டு, சேசிஸ் எண்ணை உண்மையான ஆர்வம் காட்டுபவருக்கு மட்டும் கொடுங்கள்.

பார்க்க வருபவர்களும் டெஸ்ட் டிரைவும்

விளம்பரம் வந்த முதல் நாளே பல விசாரிப்புகள் வரும். "கடைசி விலை என்ன?" என்று மட்டும் கேட்பவருக்கு, வந்து பார்த்த பிறகு பேசலாம் என்று மரியாதையாகப் பதில் சொன்னால் போதும். காரைப் பற்றி நுணுக்கமாகக் கேட்பவரோடு நேரம் செலவிடுங்கள். மாற்றப்பட்ட காரை வாங்கப்போகிறவர் அப்படித்தான் கேட்பார். காரைப் பார்க்காமலே முழுத்தொகை தருவதாகச் சொல்பவர், கூடுதல் தொகைக்குக் காசோலை அனுப்பி மீதியை வண்டி ஏற்றிச் செல்பவருக்கு அனுப்பச் சொல்பவர், தாம் சொல்லும் இணையதளம் வழியாகத்தான் பணம் வரும் என்பவர் ஆகியோரோடு பேச்சைத் தொடர வேண்டாம். இவை பழகிப்போன மோசடி முறைகள்.

பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், உடன் ஒருவரை வைத்துக்கொண்டு சந்தியுங்கள். எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்காதீர்கள். குளிர்ந்த நிலையில் அவரே இயக்கிப் பார்க்கட்டும். ஓட்டுவதற்கு முன் அவருடைய ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்து, அவர் ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் உங்கள் காப்பீடு செல்லுமா என்பதையும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாத மாற்றங்கள் இருந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம்.

முதல் சில கிலோமீட்டர் நீங்களே ஓட்டுங்கள். வெப்ப மீட்டர் சீராக நிற்பது கூலன்ட் சூடானதைத்தான் காட்டுகிறது. ஆயில் சூடாக மேலும் நேரம் எடுக்கும், அதுவரை எஞ்சினை உயர்ந்த சுழற்சிக்குக் கொண்டுபோகக் கூடாது. கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கும், டர்போ எப்போது எழும், மழையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்லிக்கொண்டே ஓட்டிவிட்டு, பிறகு அவரிடம் ஸ்டீயரிங்கைக் கொடுங்கள். அதிகத் திறனுள்ள, பின்சக்கரங்களால் இயங்கும், இழுவைக் கட்டுப்பாடு இல்லாத பழைய காரை இதுவரை ஓட்டிப் பழகாதவர் என்று தோன்றினால், நேரான காலியான சாலையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வதில் தவறில்லை. நீங்கள் பக்கத்து இருக்கையிலேயே இருக்க வேண்டும்.

அவர் தம் மெக்கானிக்கைக் கொண்டு சோதிக்க விரும்பினால் தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள், செலவு அவருடையதாக இருக்கட்டும். ஆனால் அந்த மாடலையும் மாற்றங்களையும் அறிந்த மெக்கானிக்காக இருப்பது இருவருக்கும் நல்லது. பழக்கமில்லாதவர், பந்தய கிளட்சின் சத்தத்தைக் கோளாறு என்றும், வலுவான எஞ்சின் மவுண்டுகளால் வரும் அதிர்வை எஞ்சின் பழுது என்றும் எழுதிக்கொடுத்துவிடுவார். இத்தகைய குணங்களை நீங்கள் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தக் குழப்பம் எழாது.

பேரம் காரின் முன்னால்தான் நடக்க வேண்டும், தொலைபேசியில் வேண்டாம். உங்கள் குறைந்தபட்ச எண்ணை முன்பே முடிவுசெய்து வைத்திருங்கள். விலையைக் குறைப்பதற்குப் பதிலாக ஒரு ஜோடி கூடுதல் வீல்களையோ உதிரிப் பாகங்களையோ சேர்த்துத் தருவது பல சமயங்களில் இருவரையும் திருப்திப்படுத்தும்.

பணம், கையெழுத்து, ஒப்படைப்பு

காருக்குக் கடன் பாக்கி இருந்தால் அதை அடைத்து, அடைத்ததற்கான சான்றைப் பெற்ற பிறகே விற்பனையை முடியுங்கள். முன்பணம் வாங்கினால் அதற்கு ரசீது கொடுத்து, எந்தத் தேதிவரை காரை வைத்திருப்பீர்கள் என்பதையும், அவர் பின்வாங்கினால் தொகை திரும்புமா என்பதையும் எழுதிவிடுங்கள். முழுத்தொகை வங்கிப் பரிமாற்றமாக வருவதே நல்லது. கைபேசியில் காட்டும் படத்தையோ குறுஞ்செய்தியையோ நம்பாமல், உங்கள் கணக்கில் தொகை சேர்ந்ததை நீங்களே பார்த்த பிறகு சாவியைக் கொடுங்கள். காசோலைத் தொகை கணக்கில் தெரிந்தாலும் சில நாட்கள் கழித்துத் திரும்பிவிடக்கூடும். ஆகவே காசோலை வாங்கியே ஆக வேண்டுமென்றால் இருவரும் வங்கிக்கே சென்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

விற்பனை ஒப்பந்தத்தில் இருவரின் பெயரும் முகவரியும், சேசிஸ் எண், எஞ்சின் எண், ஓடோமீட்டர் அளவு, தொகை, தேதி, நேரம் ஆகியவை இருக்க வேண்டும். மாற்றப்பட்ட காருக்கு இவற்றோடு இன்னொரு தாளும் அவசியம்: மாற்றங்களின் பட்டியலும் தெரிந்த குறைகளின் பட்டியலும் கொண்ட அந்தத் தாளில் வாங்குபவர் கையெழுத்திட வேண்டும். கார் உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது என்ற வரி பல இடங்களில் செல்லும், ஆனால் தெரிந்தே மறைத்த குறையிலிருந்து அது உங்களைக் காப்பாற்றாது. கையெழுத்திட்ட குறைகளின் பட்டியல்தான் காப்பாற்றும்.

ஒப்படைக்கும்போது மாற்றுச் சாவி, பூட்டுள்ள வீல் நட்டுகளைக் கழற்றும் தனிச் சாவி, இம்மொபிலைசர் ரிமோட், காயில்ஓவரைச் சரிசெய்யும் ஸ்பேனர், ஆதாரக் கோப்பு, ஒரிஜினல் பாகங்கள் எல்லாம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தனி இசியூ பொருத்திய காராக இருந்தால் மேப் கோப்பின் ஒரு நகல், அதைத் திறக்கும் கடவுச்சொல், இணைக்கும் கேபிள் ஆகியவற்றையும் கொடுக்க வேண்டும். சில டியூனர்கள் மேப்பைப் பூட்டி வைப்பதுண்டு. அப்படியானால் அதை முன்பே சொல்லிவிட்டு, அந்த டியூனரின் தொடர்பை அவர் அனுமதியோடு கொடுங்கள். இவை இல்லாமல் போனால், ஒரு சென்சாரை மாற்றும் சிறு வேலைக்குக்கூடப் புதிய உரிமையாளர் தொடக்கத்திலிருந்து டியூன் செய்ய நேரும். எந்த வகைப் பெட்ரோல், எந்த ஆயில், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்பதையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஆடியோவில் பதிந்துள்ள உங்கள் கைபேசி இணைப்பையும் வழிகாட்டும் கருவியில் உள்ள வீட்டு முகவரியையும் அழித்துவிடுங்கள்.

உரிமை மாற்றத்தை உங்கள் பகுதிப் பதிவு அலுவலகத்துக்கு அன்றே அறிவியுங்கள். வாங்குபவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டால், அவர் ஓட்டிய வேகத்துக்கான அபராதச் சீட்டு உங்கள் பெயருக்கே வரும். மாற்றம் பதிவானது உறுதியான பிறகு காப்பீட்டை ரத்துசெய்யுங்கள். ஒப்பந்தம், குறைகளின் பட்டியல், பணம் வந்த ஆதாரம் ஆகியவற்றின் நகல்களைச் சில ஆண்டுகள் உங்களிடம் வைத்திருங்கள்.